அக்காவின் ஞாயிற்றுக்கிழமை விமர்சனம்

1

போன வாரம் டோர்ட்முண்ட் என்ற ஜெர்மன் நகரத்தின் வடக்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் என் வேலை. நான் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு மூதாட்டி சக்கர நாற்காலியில் பேருந்துக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "இந்தியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"உங்கள் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். மழை வந்தால் எல்லாரும் ஆடுவீர்கள். இப்போதும் ஆடுகிறீர்களா?"

"இப்போது மழை வந்தால் சுடுகிறோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

இந்த மாதத்தோடு நான் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இப்படி ஒரு கணக்கு முடிகிறபோது ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும் எழுதுவார்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. குளிர் குளிராகத்தான் இருக்கிறது. நான் சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் என் அக்காவிடம் நான் அதைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். வேறு எதையும் பேச எங்களுக்குத் தெரியவில்லை.

2

அக்காவின் பெயர் மலர்க்கொடி. என்னைவிட ஒன்பது வயது பெரியவள். செஞ்சிக்கு வெளியே சிங்கவரத்தில் இருக்கிறாள். அங்கேயே பால்வாடியில் வேலை. மாமா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நான் போன் செய்வேன். அவளுக்கு அது மதியச் சாப்பாடு முடிந்த நேரம். "சாப்டியா?" "சாப்டன்." "குளுரு எப்படி?" "இருக்குது." ஒரு நிமிடத்தில் இதெல்லாம் முடிந்துவிடும். அப்புறம் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "படம் பாத்தன்டா" என்பாள். அடுத்த நாற்பது நிமிடமும் அவளுடையது.

அவள் விமர்சனத்தில் கதைக்கு இடம் குறைவு. அவள் கண்ணுக்கு எது தப்பாகப் பட்டதோ அதுதான் விமர்சனம். பெரிய நடிகர் ஒருவரின் படத்தைப் பற்றி ஒருமுறை சொன்னாள்: "கெணத்துல குதிக்கும்போது முழுக்கை சட்ட. மேல ஏறி வரும்போது அரைக்கை. கெணத்துக்குள்ள டைலர் கட வெச்சினு இருக்கறானா?" எங்கள் செஞ்சிக் கோட்டையில் எடுத்த ஒரு சரித்திரப் படத்தில் ராஜகிரிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் ரெண்டு கோபுரத்தைச் சேர்த்திருந்தார்கள். "தெனம் பஸ்ல போவும்போது பாக்கற மலைடா அது. எனக்குத் தெரியாம எப்பக் கட்டனாங்க?" என்று கேட்டாள். தொலைக்காட்சித் தொடரில் மாமியார் தூக்கத்திலிருந்து எழுந்து வரும்போது பூ வாடாமல் இருந்ததற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எங்கள் நைனா இறந்தபோது விமானச் சீட்டு கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அக்கா எதுவுமே நடக்காதது போல டிவியில் பார்த்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அதுல அந்த அப்பா கேரக்டரு செத்திருக்க வேணாம் சேகரு" என்றாள். "கதைக்குத் தேவையே இல்ல."

"ஆமாக்கா. தேவையே இல்ல" என்றேன்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்தபடி அழுதோம். அப்புறம் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு மிச்சப் படத்தைச் சொல்லி முடித்தாள்.

3

புதுப் படங்களைப் பற்றி எனக்கென்று இருக்கிற கருத்துகளெல்லாம் களைப்பில் உண்டானவை. வேலைக்குப் போகிற ரயிலில் போனில் பார்க்கிறேன். மூன்று மணி நேரப் படம் நாலு நாள் ஆகிறது. முதல் நாள் முழுக்க மற்றவர்கள் கதாநாயகன் எப்பேர்ப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நாள் அவன் வருவான், முதலில் செருப்பு, அப்புறம் கை, கடைசியில் முகம். மூன்றாம் நாள் ரத்தம். நாலாம் நாள் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று எனக்கு மறந்திருக்கும்.

பாதிப் படங்கள் வெளிநாட்டுக்கு வந்துவிடுகின்றன. நான் நடக்கிற தெருக்கள் மாதிரியே இருக்கும். அவற்றில் கதாநாயகன் கறுப்புக் கோட்டோடு கார் ஓட்டுவான், கட்டிடத்தை வெடிக்க வைப்பான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எண் சீட்டை எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மதியம் ஒரு மணிக்கு "ஒரு தாள் குறைகிறது, அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லக் கேட்டுவிட்டுத் திரும்பின கதாநாயகனை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது எடுத்தால் ஒரே நாளில் பார்த்துவிடுவேன்.

பாட்டு விஷயத்தில் நானும் அக்காவும் ஒரே கட்சி. நாற்பது நொடி ரீல்ஸுக்காக ஒரு வரியைக் கட்டிவிட்டு மீதி மூன்று நிமிடத்தை அதற்குக் காவல் நிறுத்துகிறார்கள். அது போதாதென்று பழைய பாட்டை எடுத்துச் சண்டைக்குப் போடுகிறார்கள். நாங்கள் காதலுக்கென்று வைத்திருந்த பாட்டில் இப்போது ஆட்களை வெட்டுகிறார்கள்.

இங்கே ஞாயிறு மாலை எல்லா வீட்டிலும் டிவியில் கொலைக் கதை பார்ப்பார்கள். துப்பறிகிறவர் எப்போதும் விவாகரத்தானவர், எப்போதும் தூறலில் நின்று எதையோ தின்றுகொண்டிருப்பார். எனக்கு அதில் ஒன்று மட்டும் பிடிக்கும். செய்தியைக் கேட்ட தாய் சமையலறையில் ஒரு முழு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். பின்னணி இசை கிடையாது. முகத்தை மூன்று தடவை திருப்பிக் காட்டவும் மாட்டார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "ஒரு நிமிசமா? எங்க சீரியல்ல அதுக்குள்ள ரெண்டு விளம்பரம் வந்துடும்" என்றாள்.

4

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. இந்த ஊரில் பிறந்தவள். தமிழ் புரியும். நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். தமிழில் பேசச் சொன்னால் பேசுவாள், அளந்து அளந்து. என் மனைவி கவிதா ஆரம்பத்தில் இதற்காகச் சண்டை போட்டாள். அப்புறம் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலைக்குப் போக ஆரம்பித்து, சண்டை போட நேரமில்லாமல் விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் முடிவெடுத்து விட்டதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது.

யாழினி கொரியப் பாட்டுதான் கேட்பாள். ஏழு பையன்கள். என் கண்ணுக்கு ஏழு பேரும் ஒரே மாதிரி. அவள் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே யார் என்று சொல்வாள். ஒருநாள் எரிச்சலில், "ஒரு வார்த்தையும் புரியாத பாட்டை எப்படி நாள் முழுக்கக் கேட்கிறாய்?" என்றேன்.

"நீங்கள் தினமும் காலையில் ஜெர்மன் வானொலி கேட்கிறீர்களே, அந்த மாதிரிதான்" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "இன்னா பாட்டு அது, வெய்யி கேக்கலாம்" என்றாள். யாழினி தயங்கித் தயங்கி வைத்தாள். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "மூணாவதா பாட்ற பையனுக்கு மூக்கடைப்பு இருக்குது. ஆனா நல்ல கொரலு."

யாழினி வாயைப் பிளந்தாள். பாட்டைப் பதிவு செய்த அன்று அவனுக்குச் சளியாம். அது அந்தக் குழுவின் ரசிகர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு அவளும் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அக்கா அவளை "யாளினி" என்பாள். பள்ளிக்கூடத்தில் "யாலினி". என் பெண்ணின் பெயரில் இருக்கிற ழகரத்தைச் சரியாகச் சொல்கிறவர்கள் நானும் கவிதாவும் மட்டுமே.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு. போனை வைத்ததும் யாழினி கேட்டாள், "அத்தைக்குக் கண்ணில் ஏதாவது பிரச்சனையா?"

"ஏன்?"

"முன்னால் எல்லாம் சட்டை என்ன நிறம், சுவர் என்ன நிறம் என்று சொல்வார். இப்போது நிறமே வருவதில்லை. சத்தம் அதிகம், குரல் நன்றாக இருந்தது, இது மட்டும்தான். வீடியோவில் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை."

"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அதட்டினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல் பதிவுகளைப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். வெடிச் சத்தம் காதைக் கிழிக்கிறது. வில்லனுக்கு வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். கதாநாயகி அழும்போது சிரிக்கிற மாதிரி இருக்கிறது. அதற்கும் முன்னால். அதற்கும் முன்னால். கடைசியாக ஒரு புடவையின் நிறம் வந்த பதிவு பத்து மாதம் பழையது. "மாம்பழக் கலருன்னு நெனைக்கிறன்" என்று சொல்லியிருந்தாள். புடவை விஷயத்தில் என் அக்கா "நினைக்கிறேன்" என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. கேட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

5

அடுத்த ஞாயிறு அவள் செஞ்சி தியேட்டரில் புதுப் படம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நானும் ரயிலில் நாலு நாளாகப் பார்த்து முடித்திருந்தேன். அவளே ஆரம்பித்தாள். பாட்டு பரவாயில்லை, வசனம் ஜாஸ்தி.

"ரெண்டாவது பாதில அவன் கெட்டப்பு எப்டிக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லாதான் இருந்திச்சி. தலைய வாரி, நீட்டா."

"அக்கா, அவன் மொட்ட."

அந்தப் பக்கம் தெருவில் ஒரு டிராக்டர் போவது மட்டும் கேட்டது.

"எதுலேந்து?" என்றாள்.

"எடவேளலேந்து."

"அதான் பின்னாடி இருந்தவங்க அப்டி சிரிச்சாங்களா" என்றாள். பிறகு, "நான் ஏதோ ஜோக்குன்னு நெனச்சி நானும் சிரிச்சன்டா."

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். சர்க்கரை. பல வருடமாக மாத்திரையை ஒருநாள் போடுவாள், ஒருநாள் போடமாட்டாள். முதலில் வலது கண்ணில் நூல் மிதக்கிற மாதிரி இருந்ததாம். அப்புறம் அந்தக் கண் மூடிப்போனது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கரும்புகை. ஓரத்தில் தெரிவதால் நடக்க முடிகிறது, பஸ் ஏற முடிகிறது, அதனால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பால்வாடியில் பிள்ளைகளைக் குரலை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் எடை மெஷினில் எண் தெரியாமல் ஒரு குழந்தைக்குத் தப்பாக எழுதிவிட்டாள். மெலிந்த குழந்தை நல்ல எடையில் இருப்பதாகக் கணக்கில் ஏறிவிட்டது.

"அந்தப் புள்ளைக்கு சத்து மாவு சேத்துக் குடுத்திருக்கணும். நான் நல்லா இருக்குதுன்னு எழுதிட்டன். ரெண்டு மாசம் கழிச்சி தூக்கும்போதுதான் கைக்குத் தெரிஞ்சிது. அன்னிக்கே மேடத்துக்கிட்ட சொல்லிட்டு லீவு போட்டுட்டன்."

"எப்ப?"

"நாலு மாசம் ஆவுது."

நாலு மாதம். பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள். எனக்குக் கோபம் வந்தது. "ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? டென்ஷன் ஆவ. அப்பறம் போன் பண்ணா கண்ணு எப்டி இருக்குது, சுகர் எவ்ளோ இருக்குது, மாத்தர போட்டியா, இதான் கேப்ப. ஊர்ல எல்லாம் அதான் கேக்கறாங்க. ஒரு ஆளாவது எங்கிட்ட படத்தப் பத்திப் பேசட்டும்னு வுட்டுட்டன்."

"கண்ணு தெரியாமலே தியேட்டருக்குப் போனியா?"

"சீட்டு இருக்குது, ஃபேன் இருக்குது, சத்தம் இருக்குது. போனா இன்னா?" என்றாள்.

6

ஊருக்குப் போக முடிவு செய்தேன். யாழினி தானும் வருகிறேன் என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. போனமுறை அழைத்தபோது கொசு, வெயில், கழிவறை என்று மூன்று காரணம் சொன்னவள்.

இந்த நாட்டில் விடுமுறை இல்லாத நாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். நானே எழுதினேன். அக்காவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதுவதாக நினைத்து நான் போட்ட சொல்லுக்கு, கண்ணைப் பறிக்கும்படி பிரமாதமாக இருக்கிறாள் என்று பொருளாம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், வால்தான் வேறு. தலைமையாசிரியை என்னை அழைத்து, "உங்கள் அக்கா இவ்வளவு பிரமாதமாக இருக்கும்போது அவசரமாகப் போக என்ன காரணம்?" என்று மரியாதையாகவே கேட்டார். பதினெட்டு வருடம். பக்கத்தில் இருந்த யாழினி கடிதத்தை வாங்கிப் பார்த்து, ஒரு சொல்லை அடித்து, வேறொன்றை எழுதி நீட்டினாள். தலைமையாசிரியையின் முகம் மாறியது. பத்து நாள் கொடுத்தார். வெளியே வந்ததும் யாழினி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவளுடையது ஜெர்மன் பாஸ்போர்ட். இந்தியாவுக்கு விசா வேண்டும். விண்ணப்பத்தில் தந்தை பிறந்த ஊர் என்று ஒரு கட்டம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்து, "கிங்கீ?" என்றாள்.

"செஞ்சி."

"அப்படி எழுதவில்லையே."

"வெள்ளைக்காரன் எழுதினது."

"நீங்கள் ஏன் மாற்றவில்லை?"

மாற்றுவதற்கு எந்த அலுவலகத்தில் எந்த எண் சீட்டை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

7

அக்கா செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தாள். நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஓரக்கண்ணால் என்னைத் தேடினாள். கோழி பார்க்கிற மாதிரி. பிறகு யாழினியின் கன்னத்தைத் தொட்டுத் தடவி, "உன்ன மாதிரியே மூக்குடா" என்றாள். அவளுக்கு என் மூக்கு நினைவில் இருக்கிறது.

புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் அலைந்தோம். டாக்டர் நல்லவர், அவசரப்படாமல் பேசினார். வலது கண்ணுக்கு இனிமேல் எதுவும் செய்வதற்கில்லை. இடது கண்ணுக்கு லேசர் வைத்து, ஊசி போட்டு, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். போனது வராது. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரு வருடம் முன்னால் நான் அவளோடு எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஏதோ ஒரு படத்தில் தம்பி வேஷத்துக்கு யாரைப் போட்டிருக்கலாம் என்று.

என்னோடு வந்துவிடச் சொன்னேன். கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன். "அங்க வந்து லிப்டுல ஏறி எறங்கினு இருக்கவா?" என்றாள். சிங்கவரத்தில் கண்ணை மூடிக்கொண்டும் அவளால் கடைக்குப் போக முடியும். டோர்ட்முண்டில் கண்ணைத் திறந்துகொண்டே நான் தடுமாறுகிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

திரும்புவதற்கு முன்தினம், லேசர் வைத்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "படத்துக்குப் போலாம்" என்றாள். செஞ்சியில் மேட்னி ஷோ. வேலைநாள் என்பதால் முப்பது பேர் இருந்திருப்பார்கள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் அக்காவை நடுவில் வைத்து உட்கார்ந்தோம்.

படம் ஆரம்பித்ததும் நான் அவள் காதில் சொல்ல ஆரம்பித்தேன். "இவன்தான் ஹீரோ. பழி வாங்க வந்திருக்கான். இவள லவ் பண்ணப் போறான் பாரு. வழக்கமான கததான்." பத்து நிமிடம் சொல்லியிருப்பேன். அக்கா என் முழங்கையில் தட்டினாள்.

"நீ சும்மா இரு சேகரு. நீ கதையச் சொல்ற. கததான் எனக்குக் கேக்குதே."

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து யாழினி மெதுவாக, தமிழில், சொற்களைத் தேடித் தேடிப் பேசுவது கேட்டது.

"ஒரு வீடு. பச்சை கதவு. கதவு கீழே உடைஞ்சிருக்கு. அந்தப் பொண்ணு வர்றா. அவ தலை ஈரம். துண்டு தோள்ல. அவ அவனைப் பாக்கலை. அவன் செருப்பைப் பாக்கறா."

"செருப்பு எப்டி?"

"புதுசு. ரொம்ப சுத்தம். மத்த எல்லாம் அழுக்கு."

"ம்" என்றாள் அக்கா. "இவன் பட்டணத்துலேந்து வந்தவன்."

எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி, "இன்னாம்மா, படம் பாக்க வுடமாட்டியா?" என்றார். யாழினி சட்டென்று நிறுத்தினாள். அக்கா முன்னால் குனிந்து, "எனக்குக் கண்ணு தெரியலண்ணா. எந்தம்பி பொண்ணு, சொல்லிக் குடுக்குது" என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். வெளி ஆள் ஒருவரிடம் அவள் அதை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். குரலில் ஒன்றுமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி சொன்னாள்.

பெரியவர், "அப்ப கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லும்மா. எனக்கும் கண்ணாடி மாத்தணும், பாதி தெரியல" என்றார்.

இடைவேளைக்குப் பிறகு யாழினி சத்தமாகவே சொன்னாள். வேலிக்கு "தோட்டத்துச் சுவர்" என்றாள், முறத்துக்கு "அரிசித் தட்டு" என்றாள். ரெண்டு வரிசை அதைக் கேட்டுச் சிரித்தது. அவள் வெட்கப்படவில்லை. வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் தமிழ் பேசாத பெண். அவள் எதையும் நல்லது கெட்டது என்று சொல்லவில்லை. எது இருந்ததோ அதைச் சொன்னாள். ஒரு படத்தை அப்படி நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. நான் பார்க்கும்போதே தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பேன். பச்சைக் கதவு கீழே உடைந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

வெளியே வந்து சோடா குடித்துக்கொண்டே அக்கா தீர்ப்பைச் சொன்னாள்: "படம் குப்ப. ஆனா நல்லா பாத்தன்."

8

நாங்கள் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. அக்கா வேலையை விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு அஞ்சலை வாரம் ஒருமுறை சர்க்கரை பார்த்து, வந்த எண்ணை எனக்கு அனுப்புகிறார். எண் சில வாரம் நன்றாக இருக்கிறது, சில வாரம் இல்லை. ஊசிக்குப் புதுச்சேரி போகிற நாளில் நான் வேலையிடத்தில் போனைப் பார்த்துப் பார்த்து, போன மாதம் ஒரு லிஃப்டை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். சோர்வாக இருக்கிறது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவளைத் தனியே விட்டுவிட்டு வந்தேன் என்பதை எத்தனை பாஷையில் எழுதினாலும் ஒரே பொருள்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி இப்போது யாழினிக்குச் சொந்தம். அங்கே அக்கா டிவியில் போடுகிற படத்தை இங்கே இவள் லேப்டாப்பில் போட்டு, ரெண்டு பேரும் ஒன்று ரெண்டு மூன்று சொல்லிச் சேர்ந்து ஆரம்பிக்கிறார்கள். இவள் சொல்லச் சொல்ல அவள் கேட்கிறாள். நான் நடுவில் கருத்து சொல்கிறேன் என்று என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேற்று யாழினி ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "ரோடு. யாரும் இல்லை. வானம்..." அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. "அப்பா, இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதுக்குத் தமிழ்ல என்ன?" என்று என்னைக் கூப்பிட்டாள்.

எனக்குச் சட்டென்று வரவில்லை. ஜெர்மன் சொல்தான் முதலில் வந்தது. கத்தியைப் பிடித்தபடி வாசற்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போனில் அக்காவின் குரல் வந்தது.

"மசண்டன்னு சொல்லு கண்ணு. எனக்கு இப்ப நாளு பூரா அதான். மேல சொல்லு."

"மசண்ட" என்று யாழினி ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, "மசண்ட. ரோட்ல ஒரு ஆள் வர்றார்" என்றாள்.